மதுரை மிஷனும் மலபார் சடங்குச் சர்ச்சையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிறிஸ்தவம் உள்ளூர் வழக்கங்களுக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொண்ட கதையைப் பேசத் தொடங்கினால், தமிழ்நாட்டில், 17-ஆம் நூற்றாண்டில் மதுரையில் போதித்த இத்தாலியரான ராபர்ட் தெ நொபிலியின் பெயர்தான் முதலில் வரும். அவர் இயேசு சபை என்ற கத்தோலிக்கத் துறவற சபையின் குரு. சிலருக்கு அவர் தீர்க்கதரிசி, சிலருக்கு வேடதாரி. இரு தரப்பாரும் அவருடைய காவி உடையைப் பார்த்துக்கொண்டே நின்றுவிடுகிறார்கள். ஊர் வழக்கம் என்று ஒன்றை ஏற்கும்போது, அந்த ஊரில் யாருடைய வழக்கத்தை ஏற்கிறோம்? நானூறு ஆண்டுச் சண்டையும் இந்தக் கேள்வியைச் சுற்றித்தான் நடந்திருக்கிறது. கீழே உள்ள பதில்களை அந்தக் கோணத்திலிருந்தே எழுதியிருக்கிறேன்.

நொபிலி வருவதற்கு முன் தமிழ்நாட்டில் கிறிஸ்தவர்கள் இல்லையா?

இருந்தார்கள், ஆயிரக்கணக்கில். 1530-களின் நடுவில் முத்துக்குளித்துறைப் பரதவர்கள் கூட்டமாக ஞானஸ்நானம் பெற்றார்கள். முத்துக் குளிப்பிலும் கடல் வணிகத்திலும் தங்களை நெருக்கிய போட்டியாளர்களிடமிருந்து காத்துக்கொள்ள அவர்களுக்குப் போர்ச்சுக்கீசியக் கப்பல்களின் துணை தேவைப்பட்டது. போர்ச்சுக்கல் அரசனுக்கு முத்துக்குளித்துறை தேவைப்பட்டது. பிரான்சிஸ் சவேரியார் 1542-இல் வந்து சேர்ந்தபோது, பெயரளவில் கிறிஸ்தவர்களாகிவிட்ட மக்களுக்கு மந்திரங்களைக் கற்றுக்கொடுப்பதே அவருடைய முதல் வேலையாக இருந்தது. சாதித் தலைவர் பதவி அப்படியே தொடர்ந்தது. ஊர்க் கட்டுமானம் கலையவில்லை. அரசியல் உடன்படிக்கை முதலில் வந்தது, மறைக்கல்வி பின்னால் வந்தது.

அப்படியிருக்க, மதுரையில் என்ன சிக்கல்?

கடற்கரையில் பலமாக இருந்த போர்ச்சுக்கீசியத் தொடர்பு உள்நாட்டில் பாரமானது. மதுரை நாயக்கர் ஆட்சியில் இருந்தது. கொன்சாலோ பெர்னாண்டஸ் என்ற இயேசு சபைக் குரு பல ஆண்டுகளாக அங்கே ஒரு சிறு கோயிலையும் பள்ளியையும் நடத்திவந்தார். முன்பு படைவீரராக இருந்தவர். கடற்கரையிலிருந்து வணிகத்துக்கு வந்த பரதவர்களும் போர்ச்சுக்கீசியர்களும் அவருடைய பூசைக்கு வந்தார்கள். மதுரை மக்கள் வரவில்லை.

காரணம் வெளிப்படை. மக்கள் கண்ணுக்கு அவர் ஒரு பறங்கி. மாட்டிறைச்சி தின்பவர், மது அருந்துபவர், குளிக்காதவர், சாதி முறை பாராமல் எல்லாரோடும் கலப்பவர் என்பதெல்லாம் அந்தச் சொல்லுக்குள் அடங்கியிருந்தன. ‘பறங்கி மார்க்கத்தில் சேருகிறாயா?’ என்றுதான் ஞானஸ்நானத்தின்போதே கேட்கும் வழக்கம் இருந்தது. கிறிஸ்துவை ஏற்பதென்றால் போர்ச்சுக்கீசியராவது என்று பொருள். அந்தக் கேள்விக்கு மதுரையில் யார் ஆம் என்று சொல்வார்கள்?

நொபிலி என்ன செய்தார்?

1577-இல் ரோமில் பிறந்து, 1605-இல் கோவாவுக்கும் 1606-இன் இறுதியில் மதுரைக்கும் வந்தவர் நொபிலி. வந்த சில காலத்திலேயே பெர்னாண்டஸிடமிருந்து பிரிந்து தனி வீட்டில் தங்கினார். கறுப்பு அங்கியைக் களைந்து காவி கட்டினார். இறைச்சியை விட்டார், பிராமணச் சமையற்காரரை வைத்துக்கொண்டார், பூணூல் அணிந்தார், சந்தனம் பூசினார். தமிழோடு தெலுங்கையும் சமஸ்கிருதத்தையும் கற்றார். சமஸ்கிருதம் கற்பித்தவர் சிவதருமர் என்ற பிராமணர். ஐரோப்பியர் ஒருவர் அந்நாளில் இவ்வளவு ஆழமாகச் சமஸ்கிருத நூல்களுக்குள் போனதற்கு முன்மாதிரி கிடையாது. தத்துவ போதகர் என்று பெயர் வைத்துக்கொண்டார்.

தமிழில் உரைநடையாக அவர் எழுதியவை ஏராளம்: ஞானோபதேச காண்டம், ஆத்தும நிர்ணயம், தூஷண திக்காரம் எனப் பட்டியல் நீளும். அந்த உரைநடை இன்று வாசிக்கக் கடினமானது, வடசொல் அடர்ந்தது. ஆனாலும் தமிழில் தருக்கத்தை உரைநடையில் நடத்த முயன்ற தொடக்ககால நூல்கள் என்ற மதிப்பு அவற்றுக்கு உண்டு. தமிழ் உரைநடை வரலாற்றில் அவருக்குக் கிடைத்திருக்கும் இடம் குறைவு என்றே நினைக்கிறேன்.

பறங்கி அல்ல என்று சொல்லிக்கொண்டது பொய்தானே?

சந்தேகம் எழுந்தபோது 1611-இல் அவர் ஓர் ஓலையில் விளக்கம் எழுதித் தம் வீட்டின் முன் வைத்தார். தான் பறங்கியும் அல்ல, பறங்கி நாட்டில் பிறந்தவனும் அல்ல. ரோமில், இந்நாட்டு அரசகுலத்துக்கு நிகரான குடும்பத்தில் பிறந்தவன் என்பது அதன் சாரம். சொல்லுக்குச் சொல் பார்த்தால் பொய் இல்லை. அவர் இத்தாலியர், பிரபுக் குடும்பத்தவர். பறங்கி என்றால் போர்ச்சுக்கீசியர் என்று மட்டும் பொருள் கொண்டால் வாதம் நிற்கும். கேட்டவர்கள் அப்படி மட்டுமா பொருள் கொண்டார்கள்? கோவாவில் கப்பலிறங்கி, போர்ச்சுக்கல் அரசனின் ஆதரவு பெற்ற சபையின் செலவில் வாழ்ந்துகொண்டே அந்த ஓலையை எழுதினார் என்பதையும் மறக்க முடியாது. வக்கீல் எழுதிய உண்மை என்று அதைச் சொல்லலாம்.

வேறொரு குற்றச்சாட்டிலிருந்து அவரை விடுவித்தாக வேண்டும். எசூர்வேதம் என்ற போலி நூலை எழுதியவர் அவர் என்று நெடுங்காலம் சொல்லப்பட்டது. 18-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுச் சிந்தனையாளர் வோல்தேர் அதைப் பழம்பெரும் இந்திய நூல் என்று நம்பிப் பிரெஞ்சு அரச நூலகத்துக்கே கொடுத்தார். அது ஐரோப்பியர் கைவேலை என்பது பின்னர் வெளிப்பட்டது. நொபிலிக்கும் அதற்கும் தொடர்பில்லை.

அவரை எதிர்த்தவர் யார்? ரோமில் என்ன முடிவானது?

முதல் புகார் பெர்னாண்டஸிடமிருந்து 1610-இல் போனது. அவரைப் பொறாமைக்காரக் கிழவராகக் காட்டுவது வழக்கமாகிவிட்டது. அது நியாயமில்லை. பிராமணச் சடங்குகளை விரிவாகக் கேட்டுத் தொகுத்து 1616-இல் ஒரு நூலே எழுதியவர் அவர். பூணூல் அணிவிப்பதும் குடுமி வைப்பதும் மந்திரத்தோடும் ஹோமத்தோடும் நடக்கின்றன, ஆகவே அவை சமயச் செயல்களே என்பது அவர் வாதம். உபநயனத்தை நேரில் பார்த்த எவரும் அதை எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

நொபிலியின் பதில் வேறு வகையானது. பூணூல் குலத்தையும் கல்வியையும் காட்டும் அடையாளம், சந்தனம் அலங்காரம், குளியல் தூய்மை. இவை சமூக வழக்கங்கள், இவற்றுக்குச் சமயப் பொருள் ஏறியிருந்தால் அதைக் கழித்துவிட்டுப் புதுப்பொருள் ஏற்றலாம். ரோமானிய வழக்கங்களை ஆதிச் சபை அப்படித்தான் எடுத்துக்கொண்டது என்றும் சுட்டிக்காட்டினார். 1619-இல் கோவாவில் கூடிய ஆலோசனைக் கூட்டத்தில் பேராயர் அவருக்கு எதிராக நின்றார். ரோமில் அவருடைய உறவினரான கர்தினால் பெல்லார்மினே முதலில் கடிந்து எழுதி, விளக்கம் கிடைத்த பிறகுதான் மனம் மாறினார். இறுதியில் 1623 ஜனவரி 31 அன்று பாப்பரசர் 15-ஆம் கிரகோரி பூணூல், குடுமி, சந்தனம், குளியல் ஆகியவற்றுக்கு நிபந்தனைகளோடு அனுமதி கொடுத்தார்.

அதே ஆவணத்தின் கடைசிப் பகுதியை அதிகம் பேர் எடுத்துக்காட்டுவதில்லை. உயர்குடிப் பிறப்பைப் பெருமையாகக் கருதுவோர், இறைவார்த்தையைக் கேட்கும் இடத்திலும் திருவருட்சாதனங்களைப் (ஞானஸ்நானம், நற்கருணை போன்றவை) பெறும் இடத்திலுமாவது தாழ்ந்தோரை இகழாதிருக்க வேண்டும் என்று பாப்பரசர் அதில் வேண்டிக்கொள்கிறார். அனுமதி சட்டமாக வந்தது. சமத்துவம் வேண்டுகோளாக மட்டும் வந்தது.

நொபிலி சாதியை ஏற்றுக்கொண்டாரா?

ஆம். ‘அந்தக் காலத்தில் வேறு வழியில்லை’ என்று முடித்துவிடுவது போதாத பதில்.

அவருடைய வாதத்தின் அமைப்பைப் பாருங்கள். பூணூலைக் காப்பாற்ற, அது சமயம் சாராத சமூக அடையாளம் என்று அவர் நிறுவ வேண்டியிருந்தது. பூணூல் சமூக அடையாளம் என்றால், அது குறிக்கும் சாதி வரிசையும் சமூக ஏற்பாடாகிவிடுகிறது. ஐரோப்பாவில் பிரபு, குடியானவன் என்ற பிரிவு இருப்பதைப்போல இங்கே இது இருக்கிறது, நற்செய்திக்கும் இதற்கும் மோதல் இல்லை என்ற முடிவுக்கு வந்தாக வேண்டும். அந்த முடிவுக்கு அவர் வந்தார். வந்த பிறகு, ஒரே குரு எல்லாரையும் சந்திக்க முடியவில்லை. தாழ்த்தப்பட்டோர் வீட்டுக்குப் போய்வந்தவரை மேல்சாதியார் சேர்க்கமாட்டார்கள்.

இதற்காக 1640-இல் தொடங்கியது பண்டாரசுவாமிகள் முறை. பல்தசார் தா கோஸ்தா என்ற இயேசு சபைக் குரு சைவப் பண்டாரங்களைப் போல உடை உடுத்தி, பிராமணரல்லாதாரிடையே பணியாற்றத் தொடங்கினார். பண்டாரசுவாமி எல்லாச் சாதியாரையும் ஓரளவு சந்திக்க முடியும் என்பதால் இந்த வழி வேகமாகப் பரவியது. பிராமணச் சந்நியாசி வழி மெல்ல மங்கியது. நொபிலியின் பெயரில் நாம் நினைவில் வைத்திருக்கும் பரிசோதனையால் சபைக்கு வந்த பிராமணர்கள் மிகச் சிலரே. மதுரை மிஷனை வளர்த்தவர்கள் பிராமணரல்லாத மக்களும், அவர்களிலும் பெருந்தொகையாகத் தாழ்த்தப்பட்ட மக்களும். அவர்களுக்குத் தனிக் கோயில், தனி நேரம், தனி வாசல். பண்பாட்டுக்கு ஏற்ற மாற்றம் என்று பெயர் பெற்ற ஏற்பாட்டின் விலையை இவர்கள் கொடுத்தார்கள்.

மலபார் சடங்குகள் என்கிறார்களே, கேரளத்தில் நடந்ததா?

இல்லை. அக்கால ஐரோப்பியர் தமிழரையும் தமிழையும் ‘மலபார்’ என்றே அழைத்தார்கள். கிறிஸ்தவர்கள் இத்தகைய உள்ளூர் வழக்கங்களை வைத்துக்கொள்ளலாமா என்ற அந்தச் சர்ச்சை மதுரை, மைசூர், கர்நாடிக் (இன்றைய கர்நாடக மாநிலம் அல்ல) மிஷன்களைப் பற்றியது.

1704-இல் தடை செய்யப்பட்டவை எவை?

பாப்பரசரின் தூதர் ஷார்ல் மயார் தெ தூர்னோன் சீனாவுக்குப் போகும் வழியில் 1703 நவம்பரில் புதுச்சேரியில் இறங்கினார். பெரும்பாலும் நோயில் படுத்திருந்த அவர், சில மாதங்களில் 16 பிரிவுகள் கொண்ட ஆணையை வெளியிட்டார். பிள்ளையார் உருவம் பொறித்த தாலி, திருமணத்தில் தேங்காய் உடைப்பது, பூப்புச் சடங்கைக் கொண்டாடுவது, திருநீறு பூசுவது, கிறிஸ்தவ வாத்தியக்காரர்கள் கோயில் திருவிழாவில் வாசிப்பது எல்லாம் தடைப்பட்டன. ஞானஸ்நானத்தில் எச்சில் தொட்டு வைக்கும் சடங்கைத் தமிழர்கள் அருவருத்ததால் குருக்கள் விட்டுவிட்டிருந்தார்கள்; அதை மீண்டும் செய்ய உத்தரவு வந்தது.

இந்தப் பட்டியலில் ஒன்று மட்டும் தனித்து நிற்கிறது. நோயுற்ற தாழ்த்தப்பட்டோரின் வீட்டுக்கே குருக்கள் போய்த் திருவருட்சாதனம் வழங்க வேண்டும் என்றார் தூர்னோன். அதுவரை நோயாளியைத் தூக்கிக்கொண்டு வெளியே வரச் சொன்னார்கள். தமிழ்ப் பண்பாட்டை அறியாத வெளிநாட்டு அதிகாரி என்று அவரைக் குறை சொல்வோர் இந்த ஓர் ஆணையைத் தாண்டி ஓடிவிடுகிறார்கள். இயேசு சபையார் மிகக் கடுமையாக எதிர்த்ததும் இதைத்தான். 1744-இல் 14-ஆம் பெனடிக்ட் இறுதித் தீர்ப்பு வழங்கியபோது, தாழ்த்தப்பட்டோருக்கெனத் தனிக் குருக்களை அமர்த்தும் யோசனையை ஏற்றுச் சிக்கலைத் தீர்த்தார். அதாவது சுவர் இருந்த இடத்திலேயே இருந்தது. தடைகளுக்குக் கட்டுப்படுவதாகக் குருக்கள் சத்தியம் செய்ய வேண்டிய முறையும் தொடர்ந்தது.

சீனாவில் நடந்ததும் இதே கதைதானா?

தொடக்கம் ஒன்று, போக்கு வேறு. மத்தேயோ ரிச்சி 1583-இல் சீனாவுக்குள் வந்து, முதலில் பௌத்தத் துறவியாக உடுத்தி, பிறகு கன்பூசிய அறிஞராக மாறி, 1601-இல் பெய்ஜிங்கில் இடம் பிடித்தார். முன்னோர் வணக்கமும் கன்பூசியஸுக்குச் செய்யும் மரியாதையும் சமயமா, குடிமை வழக்கமா என்பதே அங்கே கேள்வி. 1692-இல் காங்சி பேரரசர் கிறிஸ்தவத்துக்குச் சகிப்பு ஆணை கொடுத்தார். 1700-இல் இயேசு சபையார் பேரரசரிடமே, இவை சமயச் சடங்குகள் அல்ல என்று எழுதி வாங்கினார்கள். இந்தப் புத்திசாலித்தனம் அவர்களுக்கே எதிராகத் திரும்பியது. ரோம் 1704-இலும் 1715-இலும் தடை விதித்தபோது, பேரரசரின் சொல்லையே பாப்பரசர் மறுத்ததாக ஆயிற்று. 1721-இல் காங்சி மேற்கத்தியர் இனிச் சீனாவில் போதிக்கத் தேவையில்லை என்றார். தூர்னோன் மக்காவோவில் காவலில் இருந்தபடியே 1710-இல் இறந்தார்.

மதுரையில் சடங்கைத் தீர்மானிக்க ஒரு பேரரசர் இல்லை. பாளையக்காரர்களும் சாதிகளும் இருந்தார்கள்.

அந்தத் தடைகள் எப்போது நீங்கின?

இந்தப் பகுதி பலருக்குத் தெரியாது. தெரிந்துகொண்டால் பண்பாட்டுமயமாதலைப் பற்றிய உற்சாகம் கொஞ்சம் அடங்கும். 1932-இல் டோக்கியோவின் சோபியா பல்கலைக்கழகக் கத்தோலிக்க மாணவர்கள் யாசுகுனி போர் வீரர் ஆலயத்தில் வணங்க மறுத்தார்கள். இராணுவம் கொதித்தது. அந்த வணக்கம் நாட்டுப்பற்றையும் அரச விசுவாசத்தையும் காட்டுவது மட்டுமே என்று கல்வி அமைச்சகம் எழுதிக் கொடுத்தது. அதை ஏற்று 1936-இல் ரோம் அனுமதி வழங்கியது. 1939 டிசம்பரில் சீனச் சடங்குகளுக்கும் வழி திறந்தது. 1940-இல் இந்தியாவில் குருக்களின் சத்தியம் நீக்கப்பட்டது.

நொபிலியும் ரிச்சியும் தோற்ற வாதம் இருநூறு ஆண்டுகள் கழித்து வென்றது. ஆனால் அதை வெல்ல வைத்தது இறையியல் தெளிவு மட்டுமல்ல, ஜப்பானின் இராணுவ ஆட்சியும்தான். குடிமை வழக்கம் என்று அரசு சான்று கொடுத்தால் எதையும் ஏற்கலாம் என்றால், அரசு கேட்பதற்கெல்லாம் தலை ஆட்ட வேண்டி வரும்.

அருளானந்தர் மதத்துக்காகக் கொல்லப்பட்டாரா, அரசியலுக்காகவா?

இரண்டையும் பிரிக்க முடியாத நாடு அது. ஜான் தெ பிரிட்டோ என்ற அருளானந்தர் பண்டாரசுவாமியாக வாழ்ந்த இயேசு சபைக் குரு. உடையில், உணவில், பேச்சில் எவ்வளவோ விட்டுக்கொடுத்தவர். மறவர் தலைவர் தடியத்தேவர் ஞானஸ்நானம் பெற விரும்பியபோது, ஒரு மனைவியைத் தவிர மற்றவர்களை விலக்க வேண்டும் என்ற நிபந்தனையை மட்டும் அவர் தளர்த்தவில்லை. விலக்கப்பட்டவர்களில் ஒருவர் மறவர் சீமையின் மன்னர் சேதுபதியின் உறவுப் பெண். மறவர் சீமையில் திருமணம் என்பது படை உறவு, நில உறவு, வாரிசுக் கணக்கு. தடியத்தேவரோ அரியணைக்கு உரிமை கோரக்கூடியவர். உறவு முறிந்தால் அரசே ஆடும். கிழவன் சேதுபதியின் ஆட்சியில், 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் அருளானந்தரின் தலை வெட்டப்பட்டது.

சாதியைச் சமூக ஏற்பாடு என்று ஏற்ற மிஷன், பலதாரத்தை மட்டும் ஏன் சமூக ஏற்பாடு என்று ஏற்கவில்லை? ஒன்று விட்டுக்கொடுக்கக்கூடியது, மற்றொன்று கூடாதது என்று யார் தீர்மானித்தார்கள்? ஐரோப்பியச் சபைச் சட்டத்தில் திருமணத்துக்கு இடம் இருந்தது, தீண்டாமைக்கு அத்தியாயமே இல்லை என்பதுதான் எனக்குத் தெரிந்த விடை.

வீரமாமுனிவர் இந்தச் சர்ச்சையில் எங்கே நிற்கிறார்?

தடை ஆணைகளுக்குப் பிறகு, 1710 வாக்கில் வந்தவர். சடங்கில் கதவு அடைபட்ட காலத்தில் அவர் இலக்கியத்தில் நுழைந்தார். 3,615 பாடல்கள் கொண்ட தேம்பாவணியில் யூதேயா தமிழ்த் திணை நிலமாகவே விரிகிறது. காப்பியத்தைத் தடை செய்யும் ஆணையை எந்தத் தூதரும் எழுதவில்லை.

சீர்திருத்த (புராட்டஸ்டண்ட்) சபைகள் சாதியை ஒழித்துவிட்டன என்பது உண்மையா?

முயன்றார்கள், ஒன்றுபட்டு முயலவில்லை. 1706-இல் சீகன்பால்கு தரங்கம்பாடியில் தொடங்கிய லுத்தரன் மிஷனிலும் சாதிவாரி இருக்கை நிலைத்தது. 1833-இல் கல்கத்தாவின் ஆங்கிலிக்கன் பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமை உடனே ஒழிய வேண்டும் என்று ஆணையிட்டார். தஞ்சையிலும் சென்னையிலும் பல வேளாளக் குடும்பங்கள் வெளியேறின. பின்னர் வந்த ஜெர்மன் லுத்தரன் அமைப்பான லைப்சிக் மிஷன் அவர்களில் பலரைச் சேர்த்துக்கொண்டது. அதன் தலைவர் கார்ல் கிரால் திருக்குறளை ஜெர்மனில் பெயர்த்தவர், தமிழை நேசித்தவர், சாதி சமூக வழக்கம், சட்டம் போட்டு உடைக்கக்கூடாது என்றவர். பண்பாட்டை மதித்தவரே சாதியிடம் மென்மையாக இருந்தார். பண்பாட்டை அறியாத பேராயரே கறாராக இருந்தார். இந்த முரண் திரும்பத் திரும்ப வருகிறது.

தஞ்சைக் கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயக சாஸ்திரியாரிடம் அது ஒரே ஆளுக்குள் இருந்தது. புதிய மிஷனரிகளின் கொடுமைகள் என்று 1820-களின் இறுதியில் அவர் எழுதியவை நான்கு: பழைய வேதாகம மொழிபெயர்ப்பை மாற்றியது, நற்கருணையில் சாதிகளைக் கலக்கச் சொன்னது, விழாக்களில் பூவைத் தடுத்தது, கோயிலில் தமிழ்ப் பாட்டைத் தடுத்தது. தமிழ் இசைக்காக அவர் பேசும்போது நாம் அவர் பக்கம். பந்தி பிரித்து உட்காருவதற்காகப் பேசும்போது? அவர் இரண்டையும் ஒரே மூச்சில் பேசினார்.

இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்கு (1962-65-இல் கூடிய உலகக் கத்தோலிக்க ஆயர்களின் கூட்டம்) பிறகு என்ன மாறியது?

1969-இல் இந்தியத் திருப்பலிக்கு 12 மாற்றங்கள் அனுமதிக்கப்பட்டன: கைகூப்பி வணங்குதல், ஆரத்தி, குத்துவிளக்கு, தரையில் அமர்தல், அங்கிக்குப் பதில் சால்வை. அதற்கு முன்பே, 1950-இல் குளித்தலை அருகே காவிரிக் கரையில் சாந்திவனம் ஆசிரமம் தோன்றியிருந்தது. இந்து அமைப்புகளிலிருந்து சிலர் இதை மாறுவேடம் என்றார்கள். கத்தோலிக்கரில் சிலர் இந்துமயம் என்றார்கள்.

தலித் கிறிஸ்தவர்களின் விமரிசனம் இவற்றைவிடக் கூர்மையானது. ஆரத்தியும் சமஸ்கிருத மந்திரமும் யாருடைய பண்பாடு? எங்களை உள்ளே விடாத கோயிலின் சடங்கை, தப்பி வந்த இடத்திலும் ஏன் பார்க்க வேண்டும்? மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் பணியாற்றிய, பறட்டை அண்ணன் என்று அறியப்பட்ட தியோபிலஸ் அப்பாவு இதற்கு வேலையாகவே பதில் சொன்னார். நாட்டுப்புற மெட்டில், பறையோடு, பேச்சுத் தமிழில் வழிபாட்டு முறை அமைத்தார். நொபிலி எதைத் தொடாமல் தவிர்த்தாரோ, அது பீடத்துக்கு வந்தது. சாவுக்கு அடிக்கும் பறை கோயிலுக்குள் வரலாமா என்று முகம் சுளித்தவர்களும் கிறிஸ்தவர்களே.

பொங்கல் வைக்கலாமா, பொட்டு வைக்கலாமா?

பல பங்குகளில் கோயில் வளாகத்திலேயே பொங்கல் வைக்கிறார்கள். பொட்டு குடும்பத்துக்குக் குடும்பம், சபைக்குச் சபை மாறும். வேளாங்கண்ணியில் ஆகஸ்ட் 29 கொடியேற்றம் தொடங்கித் தேர், மொட்டை, நேர்ச்சை எல்லாம் உண்டு. இவற்றை மக்கள் தாமாகவே கொண்டுவந்தார்கள். ஓரியூரில் அருளானந்தருக்கு ஆடு நேர்ந்துவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களில் எல்லாரும் கிறிஸ்தவர்கள் அல்லர்.

மதம் மாறினால் சாதி போய்விடும் என்றுதானே சட்டம் சொல்கிறது?

1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, இந்துக்களை மட்டுமே பட்டியல் சாதியினராக ஏற்றது. 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். தலித் கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் வெளியே இருக்கிறார்கள். இதை ஆராய 2022-இல் ஒன்றிய அரசு ஓர் ஆணையம் அமைத்தது.

நொபிலி சாதி சமூக ஏற்பாடு என்று ரோமை நம்பவைத்தார். அதனால் சபைக்குள் சாதி நுழைந்தது. அரசோ சாதியை மதத்தோடு கட்டியது. அதனால் சாதிக் கொடுமைக்கான பரிகாரம் சபைக்கு வெளியே நின்றுவிட்டது. தலித் கிறிஸ்தவருக்கு இரண்டு விளக்கங்களிலும் நட்டம். 2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கை, சபைக்குள் தீண்டாமை இருப்பதை எழுத்தில் ஒப்புக்கொண்டது. 15-ஆம் கிரகோரியின் வேண்டுகோளுக்கும் இந்த ஒப்புதலுக்கும் இடையில் 393 ஆண்டுகள்.